படியேற்றம்: கால்பந்துக் கிளப்புக்குப் பதவி எங்கிருந்து வந்தது?

"பருவம் பாதியை எட்டியுள்ள நிலையில், லீக் அல்லாத அந்தக் கிளப்பின் பதவி உயர்வு வாய்ப்பை ஆதரவாளர்கள் கணக்கிடுகிறார்கள்." ஆங்கிலக் கால்பந்து பற்றிய தமிழ்க் கட்டுரை ஒன்றில் சென்ற வாரம் படித்த வரி இது. இந்தப் 'பதவி உயர்வை' இதற்கு முன்பும் பலமுறை பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டு கடந்திருக்கிறேன். இந்த முறை முடியவில்லை. இளநிலை உதவியாளர் உதவியாளர் ஆனால் அது பதவி உயர்வு. தலைமைக் காவலர் சிறப்பு உதவி ஆய்வாளர் ஆனால் பதவி உயர்வு. பதினொரு பேர் மழையிலும் சேற்றிலும் ஒன்பது மாதம் ஓடிப் புள்ளி சேர்த்து மேல் அடுக்கு லீகுக்குப் போவதற்கு அந்தப் பெயர் எப்படிப் பொருந்தும்? கிளப் எந்தப் பதவியில் இருந்தது? ஆணை பிறப்பித்தவர் யார்?

மூலத்தை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். இதற்கு ஆங்கிலத்தில் 'புரமோஷன்'. அது இலத்தீனிலிருந்து வந்த சொல். 'ப்ரோ' என்றால் முன்னே. 'மோவெரே' என்றால் நகர்த்துதல். முன்னே நகர்த்துவது எதுவானாலும் ஆங்கிலத்துக்கு இந்த ஒரு சொல் போதும்: அலுவலகத்தில், பள்ளியில், கடை விளம்பரத்தில், சதுரங்கத்தில் கடைசிக் கட்டத்தை அடைந்த சிப்பாய் ராணியாகும்போது. தமிழ் அப்படி இல்லை. அலுவலகத்துக்குப் பதவி உயர்வு, பள்ளிக்குத் தேர்ச்சி, கடைக்கு விளம்பரம் என்று இடத்துக்கு ஏற்ற சொல்லை நாம் வைத்திருக்கிறோம். கால்பந்துக்கு மட்டும் அகராதியில் முதலில் கண்ணில் பட்டதை எடுத்து ஒட்டிவிட்டார்கள்.

எதிர்ச்சொல்லான 'ரெலிகேஷன்' இன்னும் சுவையானது. 'ரெலெகாரே' என்றால் அப்பால் அனுப்புதல். ரோமானியச் சட்டத்தில் அது ஒருவகை நாடுகடத்தல். கவிஞர் ஓவிட் கி.பி. 8இல் கருங்கடல் கரையிலிருந்த தோமிஸுக்கு இப்படித்தான் அனுப்பப்பட்டார். குடியுரிமையும் சொத்தும் பறிபோகவில்லை. இருக்கும் இடம் மட்டும் போயிற்று. கீழே போகும் கிளப்பின் நிலையும் இதுதான். பெயர் இருக்கும், மைதானம் இருக்கும், ஆதரவாளர்கள் இருப்பார்கள். ஆடும் இடம் மட்டும் மாறிவிடும். இதைத் தமிழில் 'வெளியேற்றம்' என்று எழுதுகிறார்கள். கோப்பைப் போட்டியில் தோற்று ஊர் திரும்புவதுதான் வெளியேற்றம். கீழ் அடுக்குக்கு இறங்கிய கிளப் அடுத்த ஆகஸ்டில் மறுபடி ஆடும்.

தமிழில் இதற்குச் சொல் உருவாகாமல் போனதற்குக் காரணம் உண்டு. நம் ஊரில் எல்லாரும் பார்க்கும் ஐபிஎல்லில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. கடைசி இடம் பிடித்த அணியும் மறு ஆண்டு அதே தொடரில் ஆடும். இந்தியக் கால்பந்தின் உச்சத் தொடரான ஐஎஸ்எல்லில்கூட, கீழ் அடுக்கான ஐ-லீகை 2022-23இல் வென்று ஏறிவந்த பஞ்சாப் கிளப்தான் முதல் கிளப். பொருள் பழகாத இடத்தில் சொல் பிறக்காது. அதனால் இங்கிலாந்தில் அது எப்படி நடக்கிறது என்பதைக் கொஞ்சம் பார்த்துவிட்டுத்தான் சொல்லைத் தேட வேண்டும்.

அங்கே மேலே பிரீமியர் லீகின் 20 கிளப்புகள். அதன் கீழே ஃபுட்பால் லீகின் மூன்று பிரிவுகளில் 72 கிளப்புகள். இந்த 92க்கும் கீழே ஐந்தாம் அடுக்காக நிற்பது தேசிய லீக். அதில் 24 கிளப்புகள், ஒவ்வொன்றுக்கும் 46 ஆட்டங்கள். முதலிடம் பிடிப்பவர் நேராக மேலே போகலாம். இரண்டாம் இடம் முதல் ஏழாம் இடம் வரை உள்ள ஆறு கிளப்புகள் பிளே-ஆஃப் ஆடி, ஒன்று மட்டும் மேலே போகும். ஆக மொத்தம் இரண்டே இடம்.

இதன் கொடுமையை 2022-23 பருவம் காட்டியது. ரெக்ஸம் 111 புள்ளிகள், நாட்ஸ் கவுன்டி 107 புள்ளிகள். மூன்றாம் இடத்துச் செஸ்டர்ஃபீல்டுக்கு 84 தான். ஆட்டத்துக்கு இரண்டு புள்ளி வீதம் எடுத்தால் 92 வரும், அதுவே பெரிய காரியம் என்று ஜனவரியில் கணக்குப் போடுவார்கள். நாட்ஸ் கவுன்டி அதற்கு மேல் 15 புள்ளி எடுத்தும் பிளே-ஆஃபுக்குத் தள்ளப்பட்டது. அரையிறுதியில் போரம் வுட்டிடம் இரண்டு கோல் பின்தங்கி, கூடுதல் நேரத்தில் 3-2 என்று மீண்டது. வெம்பிளி மைதானத்தில் நடந்த இறுதியில், தன்னைவிட 23 புள்ளி குறைவாக எடுத்த செஸ்டர்ஃபீல்டைப் பெனால்டியில்தான் வெல்ல முடிந்தது. அந்தக் குளிர்காலத்தில் இந்த ஊர்களின் ஆதரவாளர்கள் கையில் தாளோடு உட்கார்ந்து கணக்கிட்டது ஒரு படிக்கட்டைத்தான். எங்கே வழுக்கும், எத்தனை பேர் முன்னால் நிற்கிறார்கள், ஆடாமல் பாக்கி இருக்கும் ஆட்டங்கள் எத்தனை, ஜனவரியில் கடன் வாங்கிய முன்கள வீரரைப் பெரிய கிளப் திரும்ப அழைத்துக்கொண்டால் என்ன ஆகும். பதவி என்ற எண்ணத்துக்கே அங்கு இடமில்லை.

இனி என் உண்மையான சண்டைக்கு வருகிறேன். பதவி உயர்வு தவறு என்பதை ஒப்புக்கொள்ளும் நண்பர்கள் 'தரம் உயர்வு' என்ற சொல்லை நீட்டுகிறார்கள். அதற்கு வலுவான பின்னணி இருக்கிறது என்பதை மறைக்கப்போவதில்லை. பேரூராட்சி நகராட்சியாகத் தரம் உயர்கிறது. உயர்நிலைப் பள்ளி மேல்நிலைப் பள்ளியாகத் தரம் உயர்கிறது. செய்தித்தாள் படிக்கும் எவருக்கும் புரியும். கேட்கவும் நன்றாக இருக்கிறது. ஆனாலும் இதை ஏற்க மாட்டேன்.

பேரூராட்சி தானாக நகராட்சி ஆவதில்லை. அரசு அறிவிக்கிறது, மக்கள்தொகையும் வருமானமும் பார்த்து மேலே இருப்பவர்கள் முடிவு செய்கிறார்கள். அதனால்தான் அங்கே 'தரம் உயர்த்தப்பட்டது' என்ற செயப்பாட்டு வினை இயல்பாக வந்து உட்கார்கிறது. கால்பந்தில் யாரும் யாரையும் உயர்த்துவதில்லை. ஆங்கில ஆதரவாளர் வாயில் 'புரமோஷன்' வருவதைவிட அதிகமாக வருவது 'மேலே போகிறோம்' என்பதுதான். மேலே கூடுதலாக ஓர் இடம் கேட்டுத் தேசிய லீக் கிளப்புகள் நடத்தும் இயக்கத்தின் முழக்கமும் 'த்ரீ அப்', மூன்று மேலே. தன்வினையில் பேசும் மக்களின் பேச்சைச் செயப்பாட்டு வினையில் மொழிபெயர்த்தால் அவர்களுடைய உழைப்பே வாக்கியத்திலிருந்து காணாமல் போகிறது.

இன்னொன்று, இதைவிடப் பெரியது. கால்பந்தில் தரம் என்ற சொல்லுக்கு ஏற்கெனவே வேறு வேலை இருக்கிறது. மேல் அடுக்குக்குப் போகும் கிளப்பின் மைதானத்துக்குத் தர நிர்ணயம் உண்டு: இருக்கை எத்தனை, நுழைவாயில் எத்தனை, விளக்கு எப்படி. 1994இல் ஐந்தாம் அடுக்கில் கிடர்மின்ஸ்டர் ஹாரியர்ஸ் முதலிடம் பிடித்தது. மைதானம் தகுதி பெறவில்லை என்று கதவடைத்தார்கள். 1995இல் மேக்கிள்ஸ்ஃபீல்டுக்கும் 1996இல் ஸ்டீவனேஜுக்கும் அதே கதி. மூன்று ஆண்டுகள் தொடர்ந்து வென்றவர்கள் இருந்த இடத்திலேயே நின்றார்கள். இதைத் 'தரம் உயர்வு'க்காரர் எப்படி எழுதுவார்? "தரம் போதாததால் தரம் உயர்வு மறுக்கப்பட்டது." இதைப் படிப்பவர் என்ன நினைப்பார்? அணி சரியாக ஆடவில்லை என்றுதானே? நாட்டிலேயே அந்த அடுக்கில் முதலாவதாக வந்த அணிக்கு இதைவிட அநியாயம் செய்ய முடியாது. மைதானத்தின் தரம் வேறு, அணி ஏறிய படி வேறு. இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாத சொல் எனக்கு வேண்டாம்.

'முன்னேற்றம்' என்பாரும் உண்டு. அந்தச் சொல் கோப்பைப் போட்டிக்கு விற்றுப்போய்விட்டது. காலிறுதிக்கு முன்னேறியது, இறுதிக்கு முன்னேறியது என்றுதான் நாம் எழுதுகிறோம். செஸ்டர்ஃபீல்டு அந்த ஆண்டு வெம்பிளிக்கு 'முன்னேறியது'. ஆனால் மேலே போகவில்லை. ஒரே செய்தியில் இரண்டு முன்னேற்றம் வந்தால் வாசகர் எதைப் பிடித்துக்கொள்வார்?

ஆங்கிலமே இந்தப் பிரிவினையில் கவனமாக இருந்தது. 1987க்கு முன் ஐந்தாம் அடுக்கிலிருந்து ஃபுட்பால் லீகுக்குள் நுழைய வாக்கெடுப்புதான் வழி. கடைசி நான்கு கிளப்புகளும் வெளியிலிருந்து மனுப்போட்டவர்களும் வாக்குக் கேட்பார்கள். 1978இல் சவுத்போர்ட் போய் விகன் அத்லெட்டிக் வந்தது அப்படித்தான். 1980இல் ஆல்ட்ரிங்கம் ஒரே ஒரு வாக்கில் ரோச்டேலிடம் இடத்தை இழந்தது. அப்படி நுழைந்தவர்களை 'லீகுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள்' என்றே ஆங்கிலத்தில் எழுதினார்கள். 1987இல் ஸ்கார்பரோ முதலிடம் பிடித்து, யாருடைய வாக்கையும் கேட்காமல் லிங்கன் சிட்டியின் இடத்துக்குப் போனபோதுதான் அந்த எல்லையில் 'புரமோஷன்' என்ற சொல் பொருந்தியது. மேலிருப்போர் கையால் கிடைப்பதற்கு ஒரு சொல், தன் காலால் ஏறுவதற்கு ஒரு சொல். நாம் மட்டும் முதலாவதின் சொல்லை இரண்டாவதற்குத் தூக்கி மாட்டுகிறோம்.

என் பரிந்துரை படியேற்றம். எதிர்ச்சொல் படியிறக்கம். வினையாக எழுதும்போது 'கிளப் படியேறியது', 'படியிறங்கியது'. இதை நான் அலங்காரத்துக்காகச் சொல்லவில்லை. தேசிய லீகிலிருந்து கீழே செல்லும் அடுக்குகளுக்கு இங்கிலாந்தில் அதிகாரபூர்வமான பெயரே 'ஸ்டெப்', அதாவது படி. தேசிய லீக் முதற்படி. அதன் வடக்கு, தெற்குப் பிரிவுகள் இரண்டாம் படி. மூன்றாம் படியில் நான்கு பிரிவுகள், நான்காம் படியில் எட்டு. கீழே போகப்போக அகலமாகும் படிக்கட்டு. அந்த ஊர்க்காரர்கள் படி என்று பெயர் வைத்ததை நாம் பதவி என்று மொழிபெயர்ப்பதை எந்த விதத்திலும் நியாயப்படுத்த முடியாது.

படி என்றால் அகவிலைப்படி நினைவுக்கு வராதா என்று ஒரு நண்பர் கேட்டார். 'படி உயர்வு' என்று எழுதினால் வரும். சம்பளக் கமிஷன் செய்தியாகிவிடும். அதனால்தான் உயர்வைத் தொடவில்லை. படியேறுதலை அகவிலையோடு யாரும் குழப்பிக்கொள்ள மாட்டார்கள்.

'லீக் அல்லாத கிளப்' பற்றியும் சொல்லாமல் விட முடியாது. அதைப் படிப்பவர், இந்தக் கிளப் எந்த லீகிலும் ஆடுவதில்லை, வார இறுதியில் நண்பர்கள் கூடிப் பந்து உதைக்கிறார்கள் என்று நினைப்பார். இங்கே லீக் என்பது 1888இல் 12 கிளப்புகளோடு தொடங்கிய ஃபுட்பால் லீக் என்னும் ஓர் அமைப்பின் பெயர். அதற்கு வெளியே, கீழ் அடுக்குகளில் இருப்பவர்கள் 'நான்-லீக்'. அந்த 12 பேரில் ஒருவரான நாட்ஸ் கவுன்டி 2019இல் முதன்முறையாக வெளியே விழுந்தது. 1862இல் தொடங்கிய கிளப்பை 'லீக் அல்லாதது' என்று எழுதக் கை எப்படி வருகிறது? 'லீகுக்கு வெளியே ஆடும் கிளப்' என்று எழுதுங்கள். ஒரு சொல் நீளும், பொருள் நேராகும். பிரீமியர் லீகில் ஆடிய ஓல்டம் 2022இல் அங்கே வந்து சேர்ந்தபோது, அந்தக் கிளப் இல்லாமல் போய்விடவில்லை. லீகுக்கு வெளியே போயிற்று.

இந்தத் தவறுகள் எல்லாம் ஒரே ஊற்றிலிருந்து வருகின்றன. ஆட்டத்தைப் பார்க்காமல் சொல்லை மட்டும் பார்க்கிறார்கள். கோல் வாங்காமல் முடித்த ஆட்டம் 'சுத்தமான தாள்' ஆகிறது. சொந்த மைதானத்து ஆட்டம் 'வீட்டு ஆட்டம்' ஆகிறது. பாக்கி இருக்கும் ஆட்டம் 'கையில் உள்ள விளையாட்டு' ஆகிறது. எங்கள் ஊர்க் கால்பந்துத் திடலில் நின்று பார்க்கும் பெரியவர் ஒருவரிடம் கேட்டிருந்தால், 'இன்னும் ரெண்டு ஆட்டம் பாக்கி' என்று அரை நொடியில் சொல்லியிருப்பார். நல்ல தமிழ் அங்கே சும்மா கிடக்கிறது. குனிந்து எடுக்க ஆளில்லை. பிளே-ஆஃப், பெனால்டி, கிளப் ஆகியவற்றை அப்படியே எழுதுவதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. அவை வாசகருக்குப் புரிகின்றன. புரியாத ஆங்கிலத்தைவிடத் தவறாகப் புரியும் தமிழ்தான் என்னை வருத்துகிறது.

மேலே காட்டிய வரியை நான் எழுதியிருந்தால் இப்படி எழுதியிருப்பேன்: "பருவத்தில் பாதி முடிந்துவிட்டது. லீகுக்கு வெளியே ஆடும் தங்கள் கிளப் இந்த ஆண்டாவது படியேறுமா என்று ஆதரவாளர்கள் கணக்குப் போடுகிறார்கள்."