மர்ட்ஸிஷோர்: மார்ச் மாதத்தின் செல்லப்பெயர்

மார்ச் 1 அன்று ருமேனியாவில் பெண்களின் உடையில், இடப்பக்கம், நெஞ்சுக்கு நேராக ஒரு சின்னக் கயிறு குத்தியிருக்கும். சிவப்பு இழையும் வெள்ளை இழையும் சேர்த்து முறுக்கிய கயிறு, அடியில் இரண்டு குஞ்சம். குதிரை லாடம், நாலிலைக் கொழுந்து, பனிக்காலம் முடியும்போது முதலில் தலைகாட்டும் வெள்ளைப் பூ என்று ஏதாவது ஒரு சிறு பொம்மை அதில் தொங்கும். இதற்கு மர்ட்ஸிஷோர் என்று பெயர். 'வசந்தத் தாயத்து' என்றோ 'ருமேனிய ராக்கி' என்றோ தமிழில் சொல்லிவிட்டுப் போகலாம்தான். ஆனால் அந்தச் சொல்லுக்குள் இருக்கும் அழகான விஷயம் இரண்டிலும் விட்டுப்போகிறது.

சொல்லைப் பிரித்துப் பார்ப்போம். ருமேனியப் பழம்பேச்சில் மார்ச் மாதத்துக்கு 'மார்ட்ஸ்' என்று பெயர். 'இஷோர்' என்பது சிறுமையையும் செல்லத்தையும் சேர்த்துக் காட்டும் விகுதி. 'பெஷ்டே' மீன், 'பெஷ்டிஷோர்' சின்ன மீன். 'புய்' குஞ்சு, 'புயிஷோர்' குட்டிக் குஞ்சு. பிரியமானவர்களைக் கூப்பிடவும் இதே சொல்தான். நாம் 'குட்டி' என்று சொல்வதில் அளவும் அன்பும் சேர்ந்தே இருக்கிறது இல்லையா, அதே மாதிரி. விகுதி சேர்ந்ததும் அழுத்தம் கடைசி அசைக்குப் போய்விடும்; முதல் 'மா' தேய்ந்து 'ம' ஆகும். ஆக, மர்ட்ஸிஷோர் என்றால் 'மார்ச்சுக்குட்டி'.

கயிற்றுக்கு மட்டுமல்ல, அந்த மாதத்துக்கே ருமேனிய நாட்டுப்புறத்தில் இதுதான் பெயர். ஜனவரிக்கு உறைபனியை வைத்து 'ஜெரார்', மே மாதத்துக்குப் பூவை வைத்து 'ஃப்ளோரார்', ஜூனுக்குச் செர்ரிப் பழத்தை வைத்து 'சிரெஷார்' என்று பெயர் வைத்தவர்கள், மார்ச்சைக் குழந்தையைக் கூப்பிடுவது போலக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

வேர் லத்தீனில் இருக்கிறது. போர்க்கடவுள் மார்ஸ் பெயரால் வந்தது 'மார்த்தியுஸ்' மாதம். ரோமர்களின் பழைய ஆண்டு அதில்தான் தொடங்கியது. ருமேனிய மொழியில் செவ்வாய்க்கிழமையும் 'மார்ட்ஸ்'தான். நம் கிழமைப் பெயருக்கும் அவர்கள் கிழமைப் பெயருக்கும் கோள் ஒன்றே. சண்டைக்காரக் கடவுளின் பெயர் தேய்ந்து தேய்ந்து, கடைசியில் ஒரு முழம்கூட இல்லாத நூலில் வந்து நிற்கிறது என்பதை நினைத்தால் எனக்கு ஒவ்வொரு முறையும் ஆச்சரியமாக இருக்கிறது.

கயிறு செய்வது எளிது. ஒரே நீளத்தில் சிவப்பு நூல் ஒன்று, வெள்ளை நூல் ஒன்று. இரண்டையும் ஒரு முனையில் முடிந்து, மறுமுனையைப் பிடித்து முறுக்கிக்கொண்டே போக வேண்டும். முறுக்கு ஏறியதும் நடுவில் மடித்து விட்டால், இரண்டு பாதியும் தாமாகவே ஒன்றையொன்று சுற்றிக்கொள்ளும். அதற்கப்புறம் எது சிவப்பு எது வெள்ளை என்று பிரிக்க முடியாது. குளிரும் வெயிலும் கலந்து கிடக்கும் மார்ச்சுக்கு இதைவிடப் பொருத்தமான உருவம் கிடைக்காது.

19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ருமேனியப் பண்டிகைகளைத் தொகுத்த சிமியோன் ஃப்ளோரியா மரியான் இந்த வழக்கத்தையும் எழுதி வைத்தார். அப்போது பொம்மை கிடையாது, நாணயம்தான். குழந்தைகளின் கழுத்திலோ மணிக்கட்டிலோ கட்டுவார்கள், நோய்நொடி அண்டாமல் இருக்க. நாள் முடிந்து அவிழ்த்ததும், அந்தக் காசுக்குச் சிவப்பு ஒயினும் ரொட்டியும் புதுப் பாலாடைக்கட்டியும் வாங்குவது ஒரு வழக்கம். முகம் பாலாடைக்கட்டி போல வெளுப்பாகவும் ஒயின் போலச் சிவப்பாகவும் இருக்க வேண்டுமாம். கயிற்றின் இரண்டு நிறமும் சாப்பாட்டிலும் வந்துவிட்டது, பாருங்கள்.

செல்லப்பெயர் ஏன் என்பதற்கு டோக்கியா கிழவியின் கதை ஒரு வழி காட்டுகிறது. குளிர் போய்விட்டது என்று நம்பி, ஒன்பது ஆட்டுத்தோல் அங்கிகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு ஆடுகளோடு மலையேறுகிறாள். மழையில் நனைந்து கனக்கக் கனக்க ஒவ்வொரு அங்கியாகக் கழற்றிப் போடுகிறாள். கடைசி அங்கியும் போனபின் உறைபனி வந்து அவளை ஆடுகளோடு கல்லாக்கிவிடுகிறது. கிழக்குக் கார்ப்பாத்தியனில் சியாஹ்லாவ் மலையில் இருக்கும் ஒரு பாறையைக் காட்டி 'இதுதான் டோக்கியா' என்கிறார்கள். மார்ச் 1 முதல் 9 வரை 'கிழவியின் நாட்கள்'. அதில் ஒரு நாளை முன்கூட்டியே தேர்ந்துகொண்டு, அன்று வானிலை எப்படியோ அப்படித்தான் தன் ஆண்டும் என்று பார்ப்பது இன்றும் உண்டு. இப்படி நிமிடத்துக்கு நிமிடம் மனம் மாறும் மாதத்தை அதட்டிப் பயனில்லை, கொஞ்சித்தான் பேச வேண்டும். செல்லப்பெயர் அப்படித்தான் வந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

அக்கம்பக்கத்து மொழிகளிலும் கயிற்றின் பெயர் மாதத்திலிருந்தே வருகிறது: பல்கேரியாவில் 'மார்தெனிட்சா', வட மாசிடோனியாவில் 'மார்ட்டின்கா', கிரேக்கத்தில் 'மார்ட்டிஸ்'. ருமேனியா, மால்டோவா, பல்கேரியா, வட மாசிடோனியா ஆகிய நான்கு நாடுகளும் சேர்ந்து கேட்டு, 2017இல் யுனெஸ்கோ மார்ச் 1 வழக்கங்களை மரபுப் பட்டியலில் சேர்த்தது.

சரி, தமிழில் என்ன சொல்வது? மாதப் பெயரை அப்படியே மாற்றிப் 'பங்குனிக் கயிறு' என்றால் தவறு. மார்ச் 1 நமக்கு மாசி நடுவில் வருகிறது. 'வேனில்' என்று மட்டும் சொன்னால் முதுவேனிலின் வெக்கையும் சேர்ந்து வரும். அங்கே அப்போது ஓரங்களில் பனி கிடக்கும். 'ராக்கி' அண்ணன் தங்கை உறவுக்கு உரியது. மர்ட்ஸிஷோரை ஆண்கள் தாய்க்கும் தோழிக்கும் கொடுக்கிறார்கள், பிள்ளைகள் ஆசிரியைக்குக் கொடுக்கிறார்கள், மால்டோவா பக்கம் பெண்கள் ஆண்களுக்கும் கொடுக்கிறார்கள். 'தாயத்து' என்றால் மந்திரித்துத் தரும் தகட்டின் நினைவு வரும்.

என் தேர்வு 'இளவேனிற்காப்பு'. காப்பு என்பது நம்மிடம் பாதுகாப்பும்தான், கையில் கட்டும் கயிறும்தான். மரியான் பார்த்த பழைய மர்ட்ஸிஷோரும் அந்த இரண்டும்தான். செல்லம் மட்டும் இதில் வராது. அதனால் முதல்முறை எழுதும்போது மூலச்சொல்லையும் போட்டு, 'மார்ச்சுக்குட்டி என்று பொருள்' என ஒரு வரி சேர்த்துவிடலாம்.

இந்தச் சொல்லில் இன்னொரு வசதியும் இருக்கிறது. திருவிழாவுக்குக் காப்புக் கட்டினால் முடிவில் அவிழ்க்க வேண்டும் என்று நமக்குத் தெரியும். அங்கேயும் அப்படித்தான். மாதக் கடைசியில் கயிற்றை அவிழ்த்து, பூக்கத் தொடங்கிய பழமரத்தின் கிளையில் கட்டிவிடுகிறார்கள், அந்த ஆண்டு மரம் நன்றாகக் காய்க்கட்டும் என்று. ஏப்ரலில் தோட்டப் பக்கம் போனால், வெள்ளைப் பூக்களுக்கு நடுவே வெயிலில் வெளிறிய சிவப்பு நூல்கள் ஆடிக்கொண்டிருக்கும்.