எஸ்எஸ்டி: ஒன்றும் ஓடாத 'டிரைவ்'

தங்கச்சியின் கலியாண வீடியோவை வாங்க மட்டக்களப்பின் கல்லடிக்குப் போன அன்று, வீடியோக்காரர் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு கறுப்புச் சாமானைக் கையில் தந்தார். கூட வந்த மாமா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுக்குள்ளயா, மருமகன், கலியாணம் முழுக்கக் கிடக்கு? இதுக்கு என்ன பேர்?" "போர்டபிள் எஸ்எஸ்டி" என்றேன். "தமிழில?" என்றார். அன்று என்னிடம் பதில் இருக்கவில்லை.

எஸ்எஸ்டி என்பது சொலிட் ஸ்டேட் டிரைவ் என்பதன் சுருக்கம்; படம், வீடியோ, கோப்பு எல்லாம் சேமித்து வைக்கும் சாமான். இதில் 'சொலிட்' என்ற சொல்தான் ஆட்களை அதிகம் ஏமாற்றுகிறது. "சொலிட் சாமான், விழுந்தாலும் உடையாது" என்று சொல்லி விற்பவர்களும் இருக்கிறார்கள். அது உறுதியைக் குறிக்க வந்த சொல் அல்ல. பள்ளிக்கூடத்தில் திண்மம், திரவம், வாயு என்று படித்தோமே, அந்தத் திண்மம். பழைய வால்வு ரேடியோவில் மின்சாரம் கண்ணாடிக் குமிழுக்குள் இருந்த வெற்றிடத்தின் வழியாக ஓடியது. சுவிட்சைப் போட்டால் குமிழ் சூடேறும் வரை ரேடியோ பேசாது. 1947 இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் டிரான்சிஸ்டர் பிறந்த பிறகு, அதே வேலையைத் திண்மப் பொருளான ஒரு படிகத்துண்டு செய்தது. வெற்றிடத்தில் அல்ல, திண்மத்துக்குள்ளேயே மின்சாரம் ஓடுகிறது என்பதைச் சொல்ல வந்ததுதான் 'சொலிட் ஸ்டேட்'. பிறகு அசையும் பாகம் இல்லாத மின்னணுச் சாமான் எல்லாவற்றுக்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

ஆகவே 'திண்மநிலை' என்ற மொழிபெயர்ப்பு சரியானதுதான். சிலர் 'திடநிலை' என்று எழுதுகிறார்கள். திடம் வடமொழி வழி வந்தது. திண் என்பது நம்முடைய வேர். திண்மையும் அதிலிருந்து வந்ததே, வள்ளுவர் வினைத்திட்பம் என்று ஓர் அதிகாரத்துக்கே பெயர் வைத்த திட்பமும் அதிலிருந்து வந்ததே.

சிக்கல் 'டிரைவ்' என்ற சொல்லில்தான். பழைய ஆங்கிலத்தில் அது கால்நடையை ஓட்டிப் போவதைக் குறித்தது. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில் மாட்டைச் சாய்த்துக்கொண்டு போகிறோமே, கிட்டத்தட்ட அதே பொருள். கணினிக்குக் காந்தநாடா வந்த காலத்தில், நாடாவை ஓட்டிய பொறிக்கு இந்தப் பெயர் போனது. 1956 இல் ஐபிஎம் வெளியிட்ட முதல் வன்தட்டில் (ஹார்ட் டிஸ்க்) 24 அங்குல அகலத் தட்டுகள் 50 சுழன்றன. அத்தனை தட்டிலும் அடங்கியது சுமார் 50 லட்சம் எழுத்துதான். இன்று போனில் எடுக்கும் ஒரு படத்துக்கே அது போதாமல் போகலாம். அங்கேயும் ஒரு மோட்டார் தட்டை ஓட்டியது, அதனால் டிரைவ் என்ற பெயர் பொருந்தியது. எஸ்எஸ்டிக்குள் எதையும் யாரும் ஓட்டுவதில்லை. நுண்ணிய அறைகளில் மின்னேற்றம் அடைபட்டுக் கிடக்கிறது, அவ்வளவுதான். எள்ளின் நெய்யாக இருந்த எண்ணெய் தேங்காய்க்கும் போய், பிறகு மண்ணெண்ணெய்க்கும் போனதுபோல இதுவும் ஒரு பழைய பெயரின் நீட்சி. ஆங்கிலத்தில் அது கிடந்துவிட்டுப் போகட்டும். நாம் புதிதாகச் சொல் செய்யும்போதும் 'இயக்ககம்', 'செலுத்தி' என்று இல்லாத மோட்டாரை ஏன் உள்ளே வைக்க வேண்டும்? 'சேமிப்பகம்' போதும் என்பது என் கட்சி.

மோட்டார் இல்லாததன் அருமை எனக்குத் தெரியும். முன்பு மேசையிலிருந்து விழுந்த என் வன்தட்டு 'டிக் டிக்' என்று இரண்டு நாள் அழுதுவிட்டு, மூன்று வருடப் படங்களோடு போய்விட்டது. எஸ்எஸ்டி அந்த மாதிரி விழுகைகளைப் பெரும்பாலும் தாங்கும். ஆனால் அதற்கு வெக்கை ஆகாது. அடைபட்ட மின்னேற்றம் மெல்லக் கசியும், சூட்டில் இன்னும் வேகமாகக் கசியும். நன்றாகத் தேய்ந்த எஸ்எஸ்டியை மின்சாரம் காட்டாமல் வருடக்கணக்கில் அலுமாரியில் பூட்டி வைப்பது நல்லதல்ல. கலியாணப் படத்துக்கு இன்னொரு பிரதி வேறெங்காவது இருக்கட்டும்.

போனில் செருகுபவர்கள் பெரும்பாலும் தடுக்குவது இரண்டு இடத்தில். ஒன்று, கோப்புகளை அடுக்க உள்ளே எந்த முறையில் வடிவமைத்திருக்கிறது (ஃபோர்மட்) என்பது. ஃபாட்32 என்றால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பு ஏறாது. என்டிஎஃப்எஸ் என்றால் மேக் கணினி வாசிக்கும், ஆனால் தானாக எழுதாது. வின்டோஸ், மேக், ஐபோன், இப்போதைய அனேக ஆண்ட்ராய்ட் போன் எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒத்துவருவது எக்ஸ்ஃபாட். மற்றது கேபிள். போனோடு வந்த சார்ஜர் கேபிள் பெரும்பாலும் யூஎஸ்பி 2 வகை. அதில் 100 ஜிபி வீடியோ இறங்க முக்கால் மணித்தியாலம் போகும். வினாடிக்கு 10 கிகாபிட் கடத்தும் கேபிளும் இரண்டு பக்கமும் அதற்கேற்ற வாயும் இருந்தால் சில நிமிடத்தில் முடியும். 2023 இல் வந்த ஐபோன் 15 இன் சாதாரண மொடலில் வாய் டைப்-சி ஆக இருந்தாலும் வேகம் யூஎஸ்பி 2 தான். எஸ்எஸ்டியைக் குறை சொல்லிப் பயனில்லை.

சரி, 'போர்டபிள்'? இலத்தீனில் சுமந்து செல்வது என்ற பொருளுள்ள சொல்லிலிருந்து வந்தது. 'கையடக்க' என்று எழுதினால் அளவு மட்டும்தான் வரும், சுமந்து போவது வராது. நம்மிடம் அதற்கென்றே 'காவு' இருக்கிறது. தண்ணீர்க் குடத்தையும் நெல் மூடையையும் காவிக்கொண்டுதானே வருகிறோம். 'கா' என்றால் இரண்டு பக்கமும் சுமை தொங்கவிட்டுத் தோளில் வைக்கும் தடி. மண்டூரிலும் சித்தாண்டியிலும் முருகனுக்கு எடுக்கும் காவடிக்குள் இருப்பதும் அதே 'கா'.

இப்படியெல்லாம் யோசித்து, 'காவு திண்மநிலைச் சேமிப்பகம்' என்று மாமாவிடம் போய்ச் சொன்னேன். "சாமான் இத்துணூண்டு, பேர் இவ்வளவு நீளமா? காவி எண்டு வைச்சாப் போதாதா?" என்றார். அந்தப் பெயரை டெங்கு நுளம்புக்கு நோய்க்காவி என்று ஏற்கெனவே கொடுத்துவிட்டார்களே என்றேன். அப்புறம் யோசித்துப் பார்த்தால், நுளம்பு நோயைக் காவுகிறது என்றால் இது தரவைக் காவுகிறது. 'தரவுக்காவி' என்றால் என்ன குறை? மாமா அதற்கும் காத்திருக்கவில்லை. அடுத்த முறை போனபோது, அந்தக் கறுப்புப் பெட்டியின் மேல் பிளாஸ்டர் ஒட்டி, பேனாவால் 'கலியாணக்காவி' என்று எழுதி வைத்திருந்தார்.