நாவல் இழுக்கிறதா, கண் இழுக்கிறதா?

"இப்ப வர்ற நாவல் எதுவுமே முப்பது பக்கத்தைத் தாண்ட விடுறதில்லை டாக்டர். எல்லாம் ஒரே இழுவை."

கருவியில் மோவாயை வைக்கும் முன்பே அந்த அம்மா சொன்னது இது. வயது 46. மாதம் ஒரு புது நாவலை எடுத்துக்கொண்டு, படித்துவிட்டுக் கூடிப் பேசும் வாசிப்புக் குழு ஒன்றில் பல வருடங்களாக இருப்பவர். என்னிடம் வந்தது கண் எரிச்சலுக்காக. நாவலைப் பற்றிச் சொன்னது பேச்சுவாக்கில்தான். எனக்கென்னவோ விஷயமே அதில்தான் இருப்பதாகப் பட்டது.

"எதில் படிக்கிறீங்க?"

"செல்போன்லதான். ராத்திரி படுத்துக்கிட்டு."

"முப்பது பக்கம் ஆனதும் என்ன ஆகுது?"

கொஞ்சம் யோசித்தார். "ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் படிப்பேன். அப்புறம் சலிச்சுப்போய் வெச்சிடுவேன்."

தூரப்பார்வை அட்டையைக் கடைசி வரி வரை தடங்கல் இல்லாமல் வாசித்தார். கண்ணாடி போட்டதே கிடையாது. சிறு எழுத்து அட்டையைக் கையில் கொடுத்தேன். முதல் பத்தி சுலபமாக வந்தது. இரண்டாவதில் அட்டை மெல்ல மெல்ல மடியை நோக்கி இறங்க ஆரம்பித்தது. அவர் அதைக் கவனிக்கவே இல்லை. வெள்ளெழுத்து.

கிட்டத்தில் இருப்பதைப் பார்க்கும்போது கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் உப்பிக்கொள்ள வேண்டும். வயது ஏற ஏற லென்ஸ் இறுகிப்போவதால் அந்த உப்பல் குறையும். இதை டயாப்டர் கணக்கில் சொல்வோம். பத்து வயதில் 12க்கு மேல் இருக்கும் இந்தச் சக்தி, 45 வயதில் பலருக்கு நான்கு அல்லது ஐந்துக்கு வந்துவிடும். செல்போனை 33 சென்டிமீட்டரில் பிடித்துப் படிக்க மூன்று டயாப்டர் வேண்டும். கையில் நான்கு வைத்துக்கொண்டு மூன்றைச் செலவழிப்பது சம்பளத்தில் முக்கால்வாசியை வாடகைக்குக் கொடுப்பது மாதிரி. முதல் வாரம் ஓடும், மாதக் கடைசி வரை ஓடாது. பத்து நிமிடம் தெளிவாகத் தெரிந்த எழுத்து அரை மணி நேரத்தில் கலங்குவது இதனால்தான். ஆனால் "எழுத்து மங்குகிறது" என்று யாரும் வந்து சொல்வதில்லை. "மனசு ஒட்டவில்லை" என்கிறார்கள். பழி நாவலாசிரியர் தலையில் விழுகிறது.

எரிச்சலின் கதை வேறு. சாதாரணமாகப் பேசிக்கொண்டிருக்கும்போது நிமிடத்துக்கு 15 தடவையாவது இமைப்போம். கூர்ந்து படிக்கும்போது அது பாதியாகும், சிலருக்கு அதற்கும் கீழே போகும். காகிதப் புத்தகத்திலும் இது நடக்கும். திரையில் படிக்கும்போது கூடுதலாக ஒன்று சேர்கிறது: பாதி இமைப்பு. மேல் இமை கீழே வரை வந்து தொடாமல் நடுவழியில் திரும்பிவிடும். கண்ணீர்ப் படலத்தின் மேல் ஒரு மெல்லிய எண்ணெய்ப் பூச்சு உண்டு. ஒவ்வொரு முழு இமைப்பிலும்தான் இமையோரச் சுரப்பிகளிலிருந்து அது வந்து பரவுகிறது. பாதி இமைப்பில் கண்ணின் கீழ்ப்பகுதி காய்ந்துபோகும். நாவல் விறுவிறுப்பாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம், கொலைகாரன் யார் என்று தெரியும் வரை யாரும் இமைப்பதில்லை!

மடியில் வைத்த புத்தகத்தைக் குனிந்து பார்க்கும்போது மேல் இமை தாழ்ந்து கண்ணில் பாதியை மூடியிருக்கும். அதே கதையை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்த திரையில் படித்தால் கண் அகலத் திறந்து நிற்கும், ஈரம் சீக்கிரம் ஆவியாகும். மின்விசிறிக் காற்றும் நேராக முகத்தில் அடித்தால் கேட்கவே வேண்டாம். இதற்கு மருந்துக்கு முன் செய்ய வேண்டியது எளிது. சாதனத்தைக் கண் மட்டத்துக்குக் கீழே வையுங்கள். ஒவ்வொரு அத்தியாயம் முடியும்போதும் கண்ணை மெதுவாக, முழுசாக, பத்து தடவை மூடித் திறங்கள். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இருபது அடி தூரத்தை இருபது விநாடி பார்க்கச் சொல்லும் விதியை நானும் சொல்வதுண்டு. ஆனால் கதை நடுவில் கடிகாரம் பார்ப்பவரை நான் கண்டதில்லை. அத்தியாய முடிவு என்றால் ஞாபகம் இருக்கும்.

படுக்கை விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். 2016இல் ஒரு பிரபல மருத்துவ இதழில் இரண்டு பெண்களைப் பற்றிய குறிப்பு வந்தது. இருவருக்கும் அவ்வப்போது ஒரு கண்ணில் சில நிமிடங்கள் பார்வை போய்ப் போய் வந்திருக்கிறது. பயந்துபோய்ப் பரிசோதனைகள் எல்லாம் செய்தும் எதுவும் அகப்படவில்லை. கடைசியில், இருட்டில் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு செல்போன் பார்க்கும் பழக்கம் தெரியவந்தது. ஒரு கண் தலையணையில் புதைந்து இருட்டுக்குப் பழகியிருக்க, மற்றது திரை வெளிச்சத்துக்குப் பழகியிருந்தது. செல்போனை அணைத்ததும் வெளிச்சம் பார்த்த கண் மட்டும் இருட்டில் தடுமாறியது, அவ்வளவுதான். நோய் எதுவும் இல்லை. இதைப் படித்துவிட்டு எல்லாப் பார்வைக் குறைவையும் தலையணை மேல் போட்டுவிடாதீர்கள். திடீரென்று ஒரு கண் மங்குவது, மின்னல் வெட்டுவது போலத் தெரிவது, கரும்புள்ளிகள் கூட்டமாக மிதப்பது, இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும்.

தூக்கத்துக்கும் கணக்கு இருக்கிறது. 2014இல் வெளியான ஓர் ஆய்வில், படுக்கப் போகும் முன் நான்கு மணி நேரம் ஐபேடில் படித்தவர்களுக்கு, அச்சுப் புத்தகம் படித்த நாட்களைவிடத் தூக்கம் வர சுமார் பத்து நிமிடம் கூடுதலாகப் பிடித்தது. கலந்துகொண்டவர்கள் பன்னிரண்டே பேர், திரையும் முழு வெளிச்சத்தில் இருந்தது. அதனால் பத்து நிமிடத்தைக் கல்வெட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அறையில் ஒரு விளக்கு எரியட்டும், திரை வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள், போதும். நீல ஒளி தடுக்கும் கண்ணாடி வாங்கலாமா என்று கேட்காத வாசகர் இல்லை. 2023இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் குழு 17 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்ததில், திரை பார்ப்பதால் வரும் கண் சோர்வைக் குறுகிய காலத்திலாவது அது குறைப்பதாகத் தெரியவில்லை. செல்போன் வெளிச்சம் விழித்திரையைப் பொசுக்கிவிடும் என்ற பயமும் தேவையில்லை. பகல் வெளிச்சத்தோடு பார்த்தால் அது சுண்டைக்காய்.

கருப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து? சிலருக்குச் சுகம். சிலிண்டர் பவர் (கருவிழியின் வளைவு எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இல்லாத குறை) உள்ளவர்களுக்கு எழுத்தோரம் சிதறித் தெரியலாம். ஓர் அத்தியாயம் படித்துப் பார்த்து நீங்களே முடிவு செய்யுங்கள்.

கிண்டில் போன்ற வாசிப்பான்களின் மின்மைத் திரை வேறு ரகம். அதற்குள் கறுப்பு, வெள்ளைத் துகள்கள் மின்விசையால் மேலும் கீழும் நகர்ந்து எழுத்தாகின்றன. காகிதத்தைப் போலவே வெளி வெளிச்சத்தைப் பிரதிபலிக்கும், விளக்கு உள்ள மாதிரிகளிலும் ஒளி ஓரத்திலிருந்து பக்கத்தின் மேல்தான் விழும். நிறைய நாவல் படிப்பவர்களுக்கு என் பரிந்துரை இதுதான். பெரிய காரணம்கூட வேண்டாம்: நடுவில் வந்து குறுக்கிட அதில் எதுவும் இல்லை, எழுத்தை வேண்டிய அளவு பெரிதாக்கலாம். எழுத்தைப் பெரிதாக்க வெட்கப்படுகிறவர்கள் இருக்கிறார்கள், ஏன் என்றுதான் புரியவில்லை.

சரி, திரையில் படித்தால் மனதில் நிற்குமா? 54 ஆய்வுகளைத் தொகுத்து 2018இல் வெளியான ஓர் அலசலில், தகவல் கட்டுரைகளுக்குக் காகிதம் முந்தியது. கதைகளில் மட்டும் அப்படி ஒரு வித்தியாசம் தெரியவில்லை. அடுத்த வருடம் வந்த சிறிய ஆய்வு ஒன்றில் 50 பேர் 28 பக்க மர்மக் கதை ஒன்றைப் படித்தார்கள், பாதிப் பேர் கிண்டிலில், பாதிப் பேர் அச்சில். பெரும்பாலான கேள்விகளில் இரு தரப்பும் சமம். எது முன்னால் நடந்தது, எது பின்னால் என்ற வரிசையில் அச்சில் படித்தவர்கள் மேல். காலத்தை முன்பின்னாகக் கலைத்துப் போடும் நாவலை "குழப்புகிறது" என்று சொல்லும் முன் எதில் படித்தோம் என்பதையும் ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லலாமே.

அந்த அம்மாவுக்கு வாசிக்க மட்டும் ஒரு கண்ணாடி எழுதிக் கொடுத்தேன். செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு கொஞ்ச நாளைக்கு. ஒரு மாதம் கழித்து வந்தார். எரிச்சல் இல்லை. விட்டுவைத்திருந்த நாவலை முழுசாக முடித்திருந்தார்.

"நடுவுல நூறு பக்கம் நிஜமாவே இழுவை டாக்டர். எந்தெந்த அத்தியாயம்னு குறிச்சே வெச்சிருக்கேன்."

எனக்கு அந்த நூறு பக்கம்தான் பிடித்திருந்தது. அதைச் சொல்லப் போய், வெளியே காத்திருந்தவர் இரண்டு தடவை கதவைத் தட்டும் வரை பேச்சு நிற்கவில்லை.