பெரிய புளூகிலை எடுத்தால் ஏரி மீன்கள் ஏன் சிறுத்துப்போகின்றன?

ஜூன் மாதம் கனடாவின் ஒண்டாரியோ, அமெரிக்காவின் மினசோட்டா, விஸ்கான்சின் பக்கம் ஏதாவது ஒரு சின்ன ஏரிக்குப் போனால், படகுத்துறையில் நின்று கரையோரத் தண்ணீருக்குள் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். இடுப்பளவு ஆழத்தில், மணலும் பொடிக்கல்லும் கிடக்கிற தரையில், ஓர் அடி அகலத்துக்கு வட்ட வட்டமாகக் குழிகள் தெரியும். தனியாக ஒன்றிரண்டு இல்லை, ஒன்றை ஒன்று ஒட்டினாற்போல ஒரு குடியிருப்பாகவே இருக்கும். ஒவ்வொரு குழிக்கும் மேலே உள்ளங்கை அகல மீன் ஒன்று, செவுள் மூடியின் ஓரத்தில் கரும்பொட்டும் நெஞ்சில் ஆரஞ்சு நிறமுமாக, இடத்தை விட்டு நகராமல் நிற்கும். அதுதான் புளூகில். நிற்பது ஆண். குழி, அது வாலால் அடித்து அடித்துத் தோண்டிய கூடு.

பனி உருகியதும் முதலில் சூடாவது கரையோரத் தண்ணீர்தான், அதனால் பல மீன்கள் அங்கே வருகின்றன. தண்ணீர் 15, 16 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது பாஸ் என்கிற பெரிய வேட்டை மீன் முட்டையிடத் தொடங்கும். 20 டிகிரியை நெருங்கும்போது புளூகில். இரண்டிலுமே பெண் முட்டையைப் போட்டுவிட்டுப் போய்விடும், காவல் முழுக்க ஆணின் வேலை. முட்டை மேல் வண்டல் படியாமலும், ஆக்சிஜன் உள்ள தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கவும் துடுப்பால் விசிறிக்கொண்டே இருக்கும். குஞ்சு பொரிந்து கூட்டை விட்டுக் கிளம்புகிற வரைக்கும் அது சரியாகச் சாப்பிடுவதுகூட இல்லை.

அப்புறம் ஏன் தூண்டிலில் மாட்டுகிறது? கூட்டுக்குள் எது வந்தாலும் எதிரி என்று பாய்ந்து கவ்விவிடுவதால்தான். நம் ஊர்க் குளங்களில் சிவப்புக் குஞ்சுக் கூட்டம் மிதக்கிற இடத்தில் தூண்டில் போட்டால் காவலுக்கு நிற்கும் விரால் சீறிக்கொண்டு வந்து மாட்டுமே, அதே கதைதான். ஆண் பாஸைக் கூட்டிலிருந்து இழுத்தால், படம் எடுத்துவிட்டு உடனே தண்ணீரில் விட்டால்கூட, அது திரும்பி வருவதற்குள் பக்கத்தில் காத்திருக்கும் புளூகில்கள் முட்டைகளைத் தின்னத் தொடங்கிவிடும். பாதி முட்டை போய்விட்டால் அந்த ஆண் மிச்சத்தையும் கைவிட்டுப் போய்விடக்கூடும். தென் ஒண்டாரியோவில் பாஸை வீட்டுக்கு எடுத்துப்போக ஜூன் பிற்பாதி வரை அனுமதி இல்லாததற்கு இது ஒரு முக்கியக் காரணம், மிகச் சரியான விதி என்பேன்.

புளூகில் கதை இன்னும் சிக்கலானது. ஒண்டாரியோவின் கிங்ஸ்டன் நகரப் பக்கம் இருக்கும் ஒபினிகான் ஏரியில் மார்ட் கிராஸ் என்ற ஆய்வாளர் 1970களின் பிற்பகுதியிலிருந்து இந்த மீன்களைக் கவனித்தார். அங்கே கூடு கட்டுகிற ஆண், ஆளாவதற்கு ஏறக்குறைய 7 வருடம் எடுத்துக்கொள்கிறது. அதுவரை சாப்பிடுவதெல்லாம் உடம்பு வளரத்தான். ஆனால் ஆண்களில் ஒரு பகுதி வேறு வழியில் போகிறது. 2 வயதிலேயே ஆளாகி, சின்னப் பொடியனாகப் புல்லுக்குள் ஒளிந்திருந்து, பெண் முட்டை விடும் அந்தக் கணத்தில் கூட்டுக்குள் பாய்ந்து விந்தை விட்டுவிட்டு ஓடிவிடும். கொஞ்சம் வளர்ந்ததும் பெண்ணின் நிறத்தையும் நடத்தையையும் போட்டுக்கொண்டு, ஜோடிக்கு நடுவே மெதுவாக நுழையும். கூட்டுக்காரன் இரண்டாவது பெண் வந்திருக்கிறது என்று நினைத்து விட்டுவிடும். இந்தத் திருட்டு ஆண்கள் எந்தக் காலத்திலும் கூடு கட்டுவதில்லை, குஞ்சைப் பார்ப்பதும் இல்லை.

சரி, தூண்டில் போடுகிறவருக்கு இதில் என்ன? கூடு கட்டுகிற வகையிலும் ஆளாகும் வயது ஒரே மாதிரி நிலையாக இருப்பதில்லை. ஏரியில் பெரிய ஆண்கள் நிறைய இருந்தால், நல்ல இடமும் பெண்களும் அவற்றுக்கே கிடைக்கும், சின்ன ஆண் போட்டியிட்டுப் பயனில்லை, அதனால் ஆளாவதைத் தள்ளிப்போட்டு வளர்ந்துகொண்டே இருக்கும். கூட்டின் மேல் நிற்கும் பெரியவற்றை நாம் வாளி வாளியாக எடுத்துவிட்டால், இளம் ஆண்கள் காத்திருக்கத் தேவையில்லை. சீக்கிரமே ஆளாகி, வளர வேண்டிய சத்தையெல்லாம் இனப்பெருக்கத்தில் போட்டு, அதே அளவில் நின்றுவிடும். சில வருடங்களில் ஏரி முழுக்கக் சின்ன மீன்கள்தான் மிஞ்சும். அதனால்தான் மினசோட்டாவில் சில ஏரிகளில் ஒரு நாளைக்கு 20 மீன் என்றிருந்த வரம்பை 10 ஆகவோ 5 ஆகவோ குறைத்திருக்கிறார்கள்.

இதில் பாஸுக்கும் பங்கு உண்டு. குட்டிப் புளூகில்களைத் தின்று கூட்டத்தைக் குறைப்பது அதுதான். பாஸ் குறைந்தால் புளூகில் பெருகும், இரை பங்குபோய் ஒன்றுமே சரியாக வளராது.

ஜூலை முடிகிற சமயம் கூடுகள் காலியாகிவிடும். அப்போது கரையோரத்தில் நிற்பது பெரும்பாலும் பொடி மீன்கள். பெரியவை நீர்ச்செடிகளின் வெளி விளிம்புக்கு நகர்ந்து, தண்ணீரில் மிதக்கும் பொடிப்பொடி உயிரினங்களைத் தின்னும். ரொம்ப ஆழத்துக்கும் போகாது: கோடையில் மேல்தண்ணீர் சூடாகி லேசாகி, குளிர்ந்த அடித்தண்ணீரோடு கலக்காமல் தனி அடுக்காகிவிடும், பல சின்ன ஏரிகளில் அந்த அடியில் கோடைப் பிற்பகுதிக்குள் ஆக்சிஜன் தீர்ந்துவிடும். எனவே செடி முடிகிற இடத்தில், மூன்று நான்கு மீட்டர் ஆழத்தில் தக்கையைச் சரிசெய்து மண்புழுவைத் தொங்கவிடுங்கள். குழம்புக்கு நடுத்தர அளவு மீனாகப் பார்த்து எடுத்துக்கொண்டு, ஆரஞ்சு நெஞ்சுக்காரன் மாட்டினால் கையை நனைத்துக்கொண்டு முள்ளைக் கழற்றித் திரும்ப விட்டுவிடுங்கள்.