லே-ஆஃப்: நீக்கமா, நிறுத்திவைப்பா?

புதுச்சேரி முதலியார்பேட்டைப் பக்கம் பஞ்சாலைக் குடும்பங்களில் ஒரு வாக்கியம் வெகுநாள் புழங்கியது: "மாமா லே-ஆஃப்பில் இருக்கிறார்." அதே பக்கத்திலிருந்து சென்னைக்கு மென்பொருள் வேலைக்குப் போன பையன் இப்போது வேறு விதமாகச் சொல்கிறான்: "என்னை லே-ஆஃப் செய்துவிட்டார்கள்." சொல் ஒன்றுதான். மாமாவுக்கு அது லீவில் இருப்பது போல, ஆஸ்பத்திரியில் இருப்பது போல. உள்ளே போனவர் திரும்பி வரலாம். பையனுக்கோ அது அவன்மேல் நடத்தி முடித்துவிட்ட காரியம். 'இல்' என்ற ஓர் உருபு காட்டும் இந்த வித்தியாசத்தை நம் செய்தித்தாள்கள் கண்டுகொள்வதில்லை. இரண்டின் மேலும் 'பணிநீக்கம்' என்று ஒரே முத்திரையைக் குத்திவிடுகின்றன.

மாமா சொன்னதுதான் பழைய பொருள். ஆங்கிலத்தில் 'லே' என்றால் வைப்பது, கிடத்துவது. 'ஆஃப்' என்றால் அப்பால். அப்பால் எடுத்து வைத்ததை வேண்டும்போது மறுபடி எடுத்துக்கொள்ளலாம். வியாபாரம் மந்தமான மாதங்களில் ஆட்களை வீட்டுக்கு அனுப்பி, வேலை வந்ததும் கூப்பிட்டுக்கொள்ளும் வழக்கத்தைத்தான் இச்சொல் குறித்தது. 'நீக்கிவிட்டோம்' என்று சொல்ல நாக் கூசிய நிர்வாகங்கள் பிற்பாடு இதை நிரந்தர நீக்கத்துக்கும் இழுத்துக்கொண்டன. செத்தாரைத் துஞ்சினார் என்பதை நம் இலக்கணம் மங்கல வழக்கு என்கிறது. இது முதலாளிகளின் மங்கல வழக்கு.

இந்தியச் சட்டம் பழைய பொருளிலேயே நின்றது. 2025 வரை நடப்பில் இருந்த, 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டத்தில் 1953இல் நுழைத்த திருத்தம் இதற்கு இலக்கணம் சொன்னது. நிலக்கரி, மின்சாரம், மூலப்பொருள் இவற்றின் தட்டுப்பாடு, சரக்குத் தேக்கம், இயந்திரப் பழுது போன்ற காரணங்களால், ஏட்டில் பெயருள்ள, ஆட்குறைப்புக்கு ஆளாகாத தொழிலாளிக்கு முதலாளி வேலை தர முடியாமல் போவதும் தர மறுப்பதும் லே-ஆஃப். ஓராண்டு தொடர்ந்து வேலை செய்தவருக்கு அடிப்படைச் சம்பளத்திலும் அகவிலைப்படியிலும் 50 விழுக்காடு இழப்பீடு. அதை வாங்க நாளுக்கு ஒரு முறையாவது குறித்த நேரத்தில் ஆலைக்கு வந்து தலையைக் காட்ட வேண்டியிருந்தது. ஒரு மில்லில் வேலை பார்த்த என் பெரியப்பா, தூக்குவாளி இல்லாமல் மில்லுக்குப் போனது அந்த நாட்களில்தான். சங்கு ஊதாது, கையெழுத்துப் போட்டுவிட்டு வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிடுவார். வராதவருக்கு மாற்றாள் என்ற பதிலியாக இருந்தவர்களுக்கு அந்தக் கையெழுத்தும் கிடையாது.

அதே சட்டத்தில் இன்னொரு வரி இருந்தது. ஆலையின் ஒரு பகுதியில் நடக்கும் வேலைநிறுத்தத்தாலோ, வேண்டுமென்றே வேலையை மெதுவாக்கியதாலோ இன்னொரு பகுதி முடங்கினால் அங்குள்ளவர்களுக்கு இழப்பீடு இல்லை. "யூனியன்காரர்கள்தான் மில்லை மூடினார்கள்" என்று கடலூர் சாலை டீக்கடைகளில் இன்றும் கேட்கும் தீர்ப்புக்கு ஆதாரம் தேடுகிறவர் இந்த வரியைப் பிடித்துக்கொள்ளலாம். ஆனால் இந்த வரியே இரண்டையும் பிரித்துத்தான் பார்க்கிறது: வேலையை நிறுத்துவது தொழிலாளி, நிறுத்திவைப்பது முதலாளி.

செய்கிறவர் யார் என்பதைச் சொல்வதில் தமிழ்ச் சொற்கள் ஒன்றுபோல இல்லை. 'கதவடைப்பு' தெளிவு: சாவி யார் கையில் இருக்கிறதோ அவர்தான் அடைக்க முடியும். 'வேலைநிறுத்தம்' அவ்வளவு தெளிவு இல்லை. தொழிலாளியின் செயல் என்பதைப் பழக்கத்தால் அறிகிறோம். 'மில் மூடிவிட்டது' என்பதுதான் மோசம். ஏதோ தொட்டாற்சிணுங்கி போல மில் தானாகவே மூடிக்கொண்டதாகத் தொனிக்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் வேலைநிறுத்தத்தை 'கிரேவ்' என்கிறார்கள். மணற்கரை என்று பொருள். பாரிஸில் சேன் ஆற்றங்கரையில் அப்பெயர் கொண்ட சதுக்கத்தில் வேலையற்றவர்கள் கூலிக்குக் காத்து நிற்பார்களாம். வேலை இல்லாமல் நின்றதற்கான சொல், வேலையை நிறுத்தியதற்கு ஆனது. லே-ஆஃப் இடம்மாறியதும் ஏறக்குறைய இப்படித்தான்.

புதுச்சேரித் தொழிலாளர்கள் அந்தக் 'கிரேவ்'வுக்குக் கொடுத்த விலை தெரிந்ததே. 1936 ஜூலை 30 அன்று பிரெஞ்சு அரசின் துப்பாக்கிச் சூட்டில் 12 பஞ்சாலைத் தொழிலாளர்கள் இறந்தார்கள். கம்யூனிஸ்ட் தலைவர் வ. சுப்பையா முன்னின்ற அந்தப் போராட்டத்தின் பலனாக அடுத்த ஆண்டே எட்டு மணி நேர வேலையும் சங்கம் வைக்கும் உரிமையும் வந்தன. சங்கம்தான் ஆலையைக் கொன்றது என்றால், அதற்குப் பிறகு தட்டுத்தடுமாறியாவது எண்பது ஆண்டுகள் ஆலைகள் ஓடியது எப்படி என்று சொல்லியாக வேண்டும்.

சங்கங்களுக்குப் பங்கே இல்லை என்று நான் சொல்லவில்லை. கட்சிக்கு ஒரு சங்கம், சங்கத்துக்கு ஒரு வாயிற்கூட்டம் என்று பிரிந்து கிடந்ததையும், புதுத் தறி வந்தால் ஆள் குறையும் என்ற அச்சத்தையும் மறைத்துப் பேசுவது நேர்மை ஆகாது. பம்பாயில் தத்தா சாமந்த் தலைமையில் 1982 ஜனவரியில் ஏறக்குறைய இரண்டரை லட்சம் பஞ்சாலைத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். பலர் திரும்பவே இல்லை. ஆனால் துணி அதற்கு முன்பே பம்பாய்க்குப் பக்கத்து ஊரான பிவண்டியின் விசைத்தறிக் கொட்டகைகளுக்குப் போகத் தொடங்கியிருந்தது. அங்கே கூலி குறைவு, சங்கமும் பலமில்லை. நூற்பு, நெசவு, சாயம் எல்லாம் ஒரே கூரையின் கீழ் நடக்கும் பழைய ஆலை, பழைய இயந்திரத்தோடு அதற்கு ஈடுகொடுக்க முடியவில்லை. உயர்ந்த கூலி சங்கம் வாங்கித் தந்ததுதான். புது இயந்திரத்தில் போட வேண்டிய பணம் சங்கத்தின் கையில் இருக்கவில்லை.

ரோடியர் மில் என்று ஊரார் அழைத்த, 1898இல் தொடங்கிய ஏ.எஃப்.டி. (ஆங்கிலோ-பிரெஞ்சு டெக்ஸ்டைல்ஸ்) ஆலை 1980களில் அரசின் கைக்கு வந்தது. 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறிய தானே புயல் அதையும் சேதப்படுத்தியது. 2013 முதல் தொழிலாளர்கள் பாதிச் சம்பளத்தில் லே-ஆஃப்பில் இருந்தார்கள். 2020 ஏப்ரல் 30 உடன் ஆலை மூடப்பட்டது. அன்றோடு அந்த 'இல்' உருபுக்கும் வேலை போயிற்று.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'பணிநீக்கம்' தவறு, ஏட்டில் பெயர் இருக்கிறதே. 'ஆட்குறைப்பு' வேறொரு சட்டச் சொல்லான ரிட்ரெஞ்ச்மென்டுக்கு ஏற்கெனவே கொடுத்தாயிற்று. வெட்டிக் குறைப்பது என்ற பிரெஞ்சு வேரிலிருந்து வந்த அதற்கு அது பொருந்தியும் இருக்கிறது. 'பணிமுடக்கம்' காதுக்கு நன்றாக இருந்தாலும் முடக்கியது யார் என்று சொல்லாது. வேலைநிறுத்தத்துக்கும் அதை எழுதுகிறார்கள். 'தற்காலிகப் பணிநீக்கம்' ஒழுங்கு நடவடிக்கை போல ஒலிக்கிறது.

நான் 'பணி நிறுத்திவைப்பு' என்று எழுதுகிறேன். நிறுத்துவதற்கும் நிறுத்திவைப்பதற்கும் நடுவே அந்த 'வை' என்ற துணைவினை செய்யும் வேலையைப் பாருங்கள். நிறுத்திவைத்த வண்டியை மீண்டும் எடுக்கலாம். நிறுத்திவைத்தவர் ஒருவர் இருக்கிறார், எடுக்க வேண்டிய பொறுப்பும் அவருடையது. 'லே'யின் பொருளான வைத்தலும் தானாகவே உள்ளே வந்துவிடுகிறது. வேலைநிறுத்தத்தோடு குழம்பும் என்று ஆட்சேபிக்கலாம். குழம்பாமலிருக்கத்தான் 'வேலை'யை விட்டு 'பணி'யை எடுத்தேன். அதுவும் போதாது என்பவர்கள் நல்லதாக ஒன்று கொண்டுவரட்டும்.

மென்பொருள் பையனுக்கு நடந்தது ஆட்குறைப்பு. பொங்கலுக்கு வந்தபோது அவனிடமே சொல்லிப் பார்த்தேன். "இருக்கட்டும் சித்தப்பா, லே-ஆஃப் என்றால் கொஞ்சம் மரியாதையாக இருக்கிறது" என்றான்.