சொத்து வரி ரசீதில் கடைசி வரி

ஏப்ரலும் அக்டோபரும் வந்தால் எங்கள் வழக்கறிஞர் அலுவலகத்துக்கு ஒரே மாதிரிக் கட்சிக்காரர்கள் வருவார்கள். கையில் சொத்து வரி ரசீது, முகத்தில் கோபம். "குப்பைக்குக் கூடவா சார் வரி? கேஸ் போடலாமா?" உள்ளாட்சி வரி விவகாரங்களைப் பார்க்கும் வழக்கறிஞரான நான் ரசீதை வாங்கிப் படிப்பதிலிருந்துதான் ஆரம்பிப்பேன்.

போன வருடம் ஒரு தம்பதி வந்தார்கள். கணவர் ஓய்வு பெற்ற ஆசிரியர். ரசீதில் சொத்து வரிக்குக் கீழே 'திடக்கழிவு மேலாண்மை சேவைக் கட்டணம்' என்று தனியாக ஒரு தொகை. முந்தைய அரையாண்டில் 180 ரூபாய், இப்போது 900. "அஞ்சு மடங்கு சார். வண்டி வர்றதே அபூர்வம். வந்தா குப்பை வாங்கற அம்மா கையில மாசம் 50 ரூபா குடுக்கறோம். இது வேற எதுக்கு?" என்றார்.

கேள்வி நியாயம்தான். ஆனால் கட்டணம் வசூலிப்பதே செல்லாது என்று வாதாடினால் நிற்காது. 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளிலேயே, உள்ளாட்சி தானே வகுக்கும் துணை விதியில் குறிப்பிடும் கட்டணத்தைக் குப்பை உண்டாக்கும் எல்லோரும் செலுத்த வேண்டும் என்று இருந்தது. அதைத் தாண்டி, மக்கள் எதிர்ப்பால் கட்டணம் நின்றதும் உண்டு. 2021 ஜனவரியிலிருந்து வீடுகளுக்கு மாதம் 10 முதல் 100 ரூபாய் என்று சென்னையில் அறிவித்து, எதிர்ப்பு கிளம்பியதும் நிறுத்திவைத்தார்கள். அது அரசியல் முடிவு. நீதிமன்றத்தில் அதை எடுத்துக்காட்டாகக் காட்ட முடியாது.

சட்டத்தில் நமக்குப் பிடி கிடைக்கும் இடம் வேறு. வரி வேறு, கட்டணம் வேறு. 1954இல் சென்னை மாகாணத்திலிருந்து போன ஷிரூர் மடம் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த வித்தியாசத்தைச் சொன்னது: கட்டணம் என்றால் அதற்கு ஈடாக ஒரு சேவை இருக்க வேண்டும். பின்னால் வந்த தீர்ப்புகள் இதைக் கொஞ்சம் தளர்த்திவிட்டன. ரூபாய்க்கு ரூபாய் கணக்குக் காட்டத் தேவையில்லை, நியாயமான தொடர்பு இருந்தால் போதும். ஆகவே "எங்க வீட்டுல ரெண்டே பேர், குப்பையே கிடையாது" என்பது எடுபடாது. "வண்டியே வருவதில்லை" என்பது எடுபடும், ஆதாரம் இருந்தால்.

ஆதாரம் எங்கே என்று கேட்டேன். ஆசிரியரின் மனைவி பையிலிருந்து மாதக் காலண்டரை எடுத்தார். பால் கணக்குக்காகத் தினமும் குறிக்கிற காலண்டர். பாலுக்கு ஒரு கோடு, அதன் பக்கத்தில் சில தேதிகளில் மட்டும் பென்சிலில் 'கு', அதாவது குப்பை வண்டி வந்த நாள். அந்த மாதம் 11 'கு'. என் அனுபவத்தில் இவ்வளவு நல்ல ஆவணத்தை எந்தக் கட்சிக்காரரும் கொண்டுவந்ததில்லை.

அப்புறம் 900ஐப் பிரித்துப் பார்த்தோம். வீட்டுக்கு மாதம் 60 வீதம் 360. மிச்சம் 540, மாதம் 90 வீதம், ஒரு கடைக்கு. எந்தக் கடை? முன்பக்க அறையில் எப்போதோ இருந்த தையல் கடை, மூடி நாலு வருடமாகிறது. பதிவேட்டில் அது இன்னும் வணிகப் பயன்பாடு. அந்த அறைக்கு அவர்கள் இத்தனை நாள் வணிக விகிதத்தில் சொத்து வரியும் கட்டிவந்திருக்கிறார்கள். அதை யாரும் கவனிக்கவில்லை! குப்பைக் கட்டணம் வந்ததால்தான் அது தெரிந்தது.

அடுக்குமாடிக்காரர்களின் புகார் வேறு வகை. பெங்களூருவில் 2025 ஏப்ரலிலிருந்து கட்டட அளவைப் பொறுத்து வீட்டுக்கு மாதம் 10 முதல் 400 ரூபாய் வரை கட்டணம் வைத்தபோது, தனியாருக்குப் பணம் கொடுத்துக் குப்பையை அகற்றும் குடியிருப்புகள் "ஒரே குப்பைக்கு இரண்டு முறை பணமா?" என்று கேட்டன. உங்கள் குடியிருப்பும் அப்படியென்றால் அந்த ஒப்பந்தத்தையும் மாதாந்திர ரசீதுகளையும் பத்திரமாக வையுங்கள். வீட்டிலேயே உரம் தயாரிப்பவர்கள், தள்ளுபடி உண்டா என்று தங்கள் ஊர் துணை விதியைப் பாருங்கள்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். குப்பைக் கட்டணத்தின் மேல் உள்ள கோபத்தில் சொத்து வரியை நிறுத்திவைக்காதீர்கள். சீக்கிரம் கட்டினால் கிடைக்கும் 5 சதவீத ஊக்கத்தொகையும் போகும், நிலுவைதாரர் என்ற பெயரும் வரும். ஆட்சேபத்தோடு கட்டுகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டுக் கட்டுங்கள். மனுவின் நகலில் தேதியோடு முத்திரை வாங்க மறக்காதீர்கள். முத்திரை இல்லாத மனு கொடுக்காத மனு. கட்டணத்தை உயர்த்திய மன்றத் தீர்மானத்தின் நகல், உங்கள் தெருவுக்கு வண்டி வந்த நாட்களின் பதிவு, இவை இரண்டையும் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும்; 30 நாளில் பதில் தர வேண்டும்.

கையில் வாங்கும் 50 ரூபாயைப் பற்றியும் மனுவில் எழுத வேண்டும் என்றார் ஆசிரியர். வேண்டாம் என்றேன். ஒப்பந்தக் கூலியில் நம் வீட்டு நாப்கினைக் கையால் பிரிக்கிற அந்தப் பெண்ணுக்கும் இந்தக் கட்டண உயர்வுக்கும் சம்பந்தமில்லை. ஆசிரியரின் மனைவியும் தலையாட்டினார்.

மனு கொடுத்து மூன்று மாதம் ஆனது. சுகாதார ஆய்வாளர் நேரில் வந்து அறையைப் பார்த்தார். கடை குடியிருப்பாக மாறியது, கூடுதலாக வாங்கியதை அடுத்த அரையாண்டில் கழித்துக்கொண்டார்கள். வீட்டுக்கான 60 ரூபாய் குறையவில்லை. வண்டி இப்போது தினமும் வருகிறது, காலை ஐந்தரைக்கே. அது அவர்களின் அடுத்த புகார்.