‘ஒரிஜினல்’ என்ற முத்திரையும் படத்தின் கடைசி வரியும்

அனிமேஷன் கலைஞர்களுக்கு ஒப்பந்தங்களைப் படித்துச் சொல்வது என் வழக்கறிஞர் தொழிலில் ஒரு பகுதி. அண்மையில் வந்த இளைஞர் ஒருவர் உட்காரும் முன்பே கேட்டார்: “மேடம், ஜப்பானில் நெட்ஃபிளிக்ஸே பணம் போட்டு அனிமே படம் எடுக்கிறதே, எனக்கும் ஓர் ஓடிடி நிறுவனம் அப்படித் தருகிறேன் என்கிறது. கையெழுத்துப் போட்டுவிடலாமா?”

போடலாம். அதற்கு முன் அவர் மனத்தில் இருந்த படங்களின் கடைசி விநாடிகளைப் பார்க்கச் சொன்னேன். பெயர்ப்பட்டியல் ஓடி முடியும் இடத்தில் பதிப்புரிமைக் குறியோடு ஒரு வரி வரும். பலரும் அதற்குள் எழுந்து போய்விடுவார்கள். என்னைப் போன்றவர்களுக்கு அந்த வரிதான் படமே.

‘எ விஸ்கர் அவே’ 2020 ஜூன் 5 அன்று ஜப்பானியத் திரையரங்குகளுக்கு வருவதாக இருந்தது. கொரோனா குறுக்கிட்டதால் ஜூன் 18 அன்று நெட்ஃபிளிக்ஸில் வெளியானது. வெளிநாடுகளில் அதை நெட்ஃபிளிக்ஸ் படம் என்றே அறிவார்கள். கடைசி வரியோ, சேர்ந்து பணம் போட்ட தயாரிப்புக் குழுவையே உரிமையாளராகச் சொல்கிறது. ‘பபிள்’ 2022 ஏப்ரல் 28 அன்று நெட்ஃபிளிக்ஸுக்கு வந்துவிட்டது. ஜப்பானியத் திரையரங்குகளுக்கு மே 13 அன்றுதான் போனது. அங்கும் உரிமை குழுவிடமே. ஸ்டுடியோ கொலரிடோ என்ற ஜப்பானிய அனிமேஷன் நிறுவனம் அதே ஆண்டு நெட்ஃபிளிக்ஸுடன் மூன்று படங்களுக்குக் கைகோத்தது. அந்த வரிசையில் ‘டிரிஃப்டிங் ஹோம்’ செப்டம்பர் 16 அன்று திரையரங்கிலும் இணையத்திலும் ஒன்றாக வந்தது. உரிமை வரியில் கொலரிடோவின் பெயரே முதலில் நிற்கிறது.

ஆக, தளம் குத்தும் ‘ஒரிஜினல்’ முத்திரை ஒன்றுதான். அதற்குள் இருக்கும் பேரங்கள் வேறு வேறு. பல நேரம் தளம் வாங்குவது காட்டும் உரிமையை மட்டுமே.

ஜப்பானில் ‘செய்சகு ஈன்காய்’ எனப்படும் தயாரிப்புக் குழு பழைய ஏற்பாடு. பதிப்பகம், தொலைக்காட்சி, இசை நிறுவனம், பொம்மை நிறுவனம் எனப் பலர் பணம் போட்டு, நட்டத்தையும் லாபத்தையும் பங்கு பிரித்துக்கொள்வார்கள். குழுவில் பணம் போடாத ஸ்டுடியோவுக்கு வரைந்த கூலி மட்டுமே மிஞ்சும். அதன் கதாபாத்திரம் எத்தனை ஆண்டு பொம்மையாக விற்றாலும் ஒரு யென் வராது. அந்நாட்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 29ஆம் பிரிவும் திரைப்பட உரிமையைப் பொறுப்பேற்றுத் தயாரிப்பவர் பக்கமே சாய்க்கிறது. ஓடிடி பணம் மழையாகத் தெரிந்ததில் வியப்பில்லை. ஆனால் மொத்தப் பணத்தையும் போட்டவர் மொத்த உரிமையையும் எடுத்துக்கொண்டால், ஸ்டுடியோ பழையபடி கூலியிலேயே நிற்கும். முதலாளி மட்டும் மாறியிருப்பார்.

இன்னொரு சிக்கல் கணக்கு. திரையரங்க வசூல் ஊருக்கே தெரியும். எந்தப் படத்தை எத்தனை மணி நேரம் பார்த்தார்கள் என்ற விரிவான அரையாண்டு அறிக்கையை நெட்ஃபிளிக்ஸ் வெளியிடத் தொடங்கியதே 2023 டிசம்பரில்தான். அதற்கு முன் அடுத்த படத்துக்கு விலை பேசுவது எடை போடாமல் நெல் விற்பது போலத்தான்.

நம் சட்டமும் அதே பக்கம்தான் சாய்கிறது. பணம் கொடுத்து ஒருவர் திரைப்படம் செய்யச் சொன்னால், மாற்று ஒப்பந்தம் இல்லாதவரை அவரே முதல் உரிமையாளர் என்கிறது 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு. 19ஆம் பிரிவு கொஞ்சம் கருணை காட்டுகிறது: உரிமையை எழுதிக் கொடுக்கும்போது காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு, இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும். பெரிய நிறுவனங்களின் வழக்கறிஞர்கள் இதை அறிந்தவர்கள். எனவே இரண்டையும் மறக்காமல் எழுதிவிடுவார்கள்.

அந்த இளைஞரின் ஒப்பந்தத்திலும் எழுதியிருந்தார்கள். ஏழாம் பக்கம்: “பிரபஞ்சம் முழுவதும், என்றென்றைக்கும், இனி கண்டுபிடிக்கப்படும் எல்லா ஊடகங்களிலும்.” செவ்வாய்க் கிரகத்தை விட்டுக்கொடுப்பதில் அவருக்குத் தயக்கம் இல்லை. இரண்டாம் பாகம், பொம்மை, காமிக்ஸ் ஆகிய மூன்றையும் அடித்துத் திருப்பி அனுப்பினோம். காமிக்ஸ் மட்டும் இதுவரை திரும்பி வந்திருக்கிறது.